அழுத்தக் கணக்கில் எந்தப் பரப்பை எடுப்பது?

கேள்வி இதுதான்: அழுத்தம் என்றால் விசையைப் பரப்பளவால் வகுப்பது என்று படித்தாகிவிட்டது, கணக்கும் போட வருகிறது. ஆனால் விசை மாறாமல் பரப்பு மட்டும் மாறினால் விளைவு ஏன் இவ்வளவு மாறுகிறது? நிஜப் பொருள்களில் எந்தப் பரப்பை எடுத்து வகுப்பது?

இரண்டாம் பாதிதான் கனமான கேள்வி. விசையைக் கண்டுபிடிப்பது எளிது, வகுப்பது அதைவிட எளிது. கணக்கு தடம்புரள்வது பெரும்பாலும் பரப்பில்தான். கண்ணுக்குத் தெரியும் பரப்பை எடுத்துக்கொள்கிறோம், சுமை உண்மையில் இறங்கும் பரப்பு வேறாக இருக்கிறது. அதற்குள் போகும் முன் ஏன் வகுக்கிறோம் என்பதை முடித்துவிடலாம்.

விசை ஒரு பொருளை இரண்டு விதமாகப் பாதிக்கும். ஒன்று, பொருள் முழுதாக நகரும், அதன் வேகம் மாறும். இதற்கு மொத்த விசை தெரிந்தால் போதும். நின்றுபோன காரை உள்ளங்கையால் தள்ளினாலும் ஒற்றை விரலால் தள்ளினாலும், விசை ஒன்றாக இருந்தால் கார் ஒரே மாதிரிதான் நகரும். இன்னொன்று, தொட்ட இடம் நசுங்கும், கிழியும், புதையும். காரைத் தள்ளும்போது உள்ளங்கை வலிக்காமல் விரல் நுனி மட்டும் வலிப்பது இந்த இரண்டாவது வகை. தோலாகட்டும் மரமாகட்டும் மண்ணாகட்டும், மொத்தம் எவ்வளவு விசை வருகிறது என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தன் தலைமேல் விழும் பங்கை மட்டுமே சுமக்கிறது. அந்தப் பங்கு தாங்குதிறனை மீறினால் அந்த இடம் விட்டுக்கொடுக்கும். அந்தப் பங்கின் பெயர்தான் அழுத்தம். நகருமா என்று கேட்டால் விசையைப் பாருங்கள், நசுங்குமா என்று கேட்டால் அழுத்தத்தைப் பாருங்கள்.

ஒரு டிராயிங் பின்னைக் கட்டைவிரலால் பலகையில் அழுத்துவதை எடுத்துக்கொள்வோம். விரல் தரும் விசை 20 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 2 கிலோவைக் கையில் தாங்கும் அளவு. பின்னின் தலை 10 மி.மீ. விட்டம், பரப்பு 78.5 சதுர மி.மீ. விரல் உணரும் அழுத்தம் சுமார் 0.25 மெகாபாஸ்கல் (சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் என்றால் ஒரு மெகாபாஸ்கல்). முனை 0.2 மி.மீ. விட்டம், பரப்பு 0.0314 சதுர மி.மீ. அங்கே அழுத்தம் சுமார் 640 மெகாபாஸ்கல். பின்னின் இரு பக்கமும் விசை அதே 20 நியூட்டன்தான். விட்டம் 50 மடங்கு குறைந்ததால் பரப்பு 50 × 50, அதாவது 2,500 மடங்கு குறைந்தது, அழுத்தம் அத்தனை மடங்கு ஏறியது. மென்மையான மரம் நாருக்குக் குறுக்கே சில மெகாபாஸ்கலிலேயே நசுங்கிவிடும். 640க்கு முன்னால் அது நிற்க வாய்ப்பே இல்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பின்னின் முனைக்கும் அதே அழுத்தம்தான் திரும்ப வருகிறது. சாதாரண மென்னிரும்பு 250 மெகாபாஸ்கல் வாக்கில் வளைந்துகொடுக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் கிடைத்த இரும்புக் கம்பியைக் கூராகத் தேய்த்துக் குத்தினால் முனை உடனே மழுங்கிவிடுகிறது. மழுங்கிய முனை 0.4 மி.மீ. ஆனால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் விரல் தரும் அதே விசைக்கு முனையில் கால் பங்கு அழுத்தம்தான் கிடைக்கும். கத்தி கூர் போவதும் இதே கதைதான். விளிம்பின் அகலம் சில மைக்ரானிலிருந்து (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) சில பத்து மைக்ரானாக விரிந்தால், அதே வெட்டுக்குப் பத்து மடங்கு வரை பலம் போட வேண்டியிருக்கும். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும் என்பார்கள். பலம் கூடக் கூட வழுக்கும்போது கையைக் கட்டுப்படுத்த முடியாமல் போவதுதான் அதற்குக் காரணம்.

அலகைப் பற்றிக் கொஞ்சம். ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் என்றால் ஒரு பாஸ்கல். பிரான்சின் பிளேஸ் பாஸ்கல் (1623–1662) நினைவாக 1971இல் இந்தப் பெயர் சர்வதேச அலகுமுறையில் ஏற்கப்பட்டது. இது மிகச் சிறிய அலகு. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்று மேசைமேல் கிடந்தால், மேசைக்கு அது தரும் அழுத்தம் 0.08 × 9.8, சுமார் 0.8 பாஸ்கல். நூறு தாள்களைப் பக்கம் பக்கமாகப் பரப்பினாலும் அதே 0.8தான், எடை நூறு மடங்கு, பரப்பும் நூறு மடங்கு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 80 பாஸ்கல். கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 1,01,325 பாஸ்கல். ஒரு பார் என்பது சரியாக 1,00,000 பாஸ்கல், ஒரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு விசை) சுமார் 6,895 பாஸ்கல். கணக்கில் வழுக்கும் இடங்கள் மூன்று. கிலோவை 9.8ஆல் பெருக்காமல் அப்படியே விசையாக எடுப்பது முதலாவது. ஒரு சதுர செ.மீ. என்பது ஒரு சதுர மீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்று என்பதை மறந்து நூறால் வகுப்பது இரண்டாவது. விட்டத்தை ஆரம் என்று போட்டுவிட்டு விடை நான்கு மடங்கு பிசகுவது மூன்றாவது.

இனி ஒரு செங்கல். 20 × 10 × 5 செ.மீ., எடை 2 கிலோ, விசை 19.6 நியூட்டன். படுக்கப் போட்டால் கீழே 200 சதுர செ.மீ., அழுத்தம் 980 பாஸ்கல். பக்கவாட்டில் நிறுத்தினால் 100 சதுர செ.மீ., 1,960 பாஸ்கல். செங்குத்தாக நிறுத்தினால் 50 சதுர செ.மீ., 3,920 பாஸ்கல். இதுவரை பாடப் புத்தகம். இப்போது உயரங்களைக் கவனியுங்கள்: 5, 10, 20 செ.மீ. அழுத்தமும் அதே விகிதத்தில்தான் ஏறியிருக்கிறது. அடர்த்தி × 9.8 × உயரம் என்று போட்டால் பரப்பையே தொடாமல் அதே விடைகள் வரும்: 2,000 × 9.8 × 0.05 = 980. பக்கங்கள் நேராக நிற்கும் எந்தத் தூணுக்கும் இது பொருந்தும், அடிப்பரப்பு அடிபட்டுப் போகிறது. திரவத்தின் அழுத்தத்துக்கு ஆழம் மட்டும் போதும் என்பதும் இதே கணக்குதான். இரண்டு மீட்டர் உயரத் தொட்டியின் அடியில் நீரின் அழுத்தம் 19.6 கிலோபாஸ்கல், தொட்டி குழாய்போல ஒடுங்கியிருந்தாலும் குளம்போல விரிந்திருந்தாலும். திரவத்தில் பாத்திரம் எந்த வடிவில் இருந்தாலும் அது நிலைக்கும் என்பது கூடுதல். அங்கே சரிந்த சுவர்களும் சுமையில் பங்கெடுக்கின்றன.

செங்கல் கணக்கில் ஒரு பொய் இருக்கிறது. செங்கலின் 200 சதுர செ.மீ. முழுதும் தரையைத் தொடுவதில்லை. எவ்வளவு மழமழப்பான பரப்பும் உருப்பெருக்கியில் மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும். தொடுவது மேட்டு உச்சிகள் மட்டும். உச்சிகள் நசுங்கி நசுங்கி, சுமையைத் தாங்குமளவு பரப்பு சேர்ந்ததும் நசுங்குவது நிற்கும். ஆகவே உண்மைத் தொடுபரப்பு என்பது ஏறக்குறைய விசையைப் பொருளின் கடினத்தன்மையால், அதாவது அதில் பள்ளம் பதிக்கத் தேவையான அழுத்தத்தால், வகுத்தது. சுமார் 11 செ.மீ. பக்கமுள்ள 10 கிலோ இரும்புக் கனசதுரத்தை இரும்புத் தகட்டில் வைத்தால், விசை 98 நியூட்டன், மென்னிரும்பின் கடினத்தன்மை சுமார் 1,300 மெகாபாஸ்கல்; தொடுபரப்பு சுமார் 0.075 சதுர மி.மீ. அடிப்பரப்பு 12,000 சதுர மி.மீ. போலிருக்க, அதில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தொடவில்லை.

இதிலிருந்து உராய்வின் பழைய புதிரும் அவிழ்கிறது. கட்டையைப் படுக்கவைத்து இழுத்தாலும் நிறுத்திவைத்து இழுத்தாலும் உராய்வு விசை ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது ஏன்? தோற்றப் பரப்பு மாறினாலும் உண்மைத் தொடுபரப்பைத் தீர்மானிப்பது சுமை மட்டுமே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பௌடன், டேபர் இருவரும் 20ஆம் நூற்றாண்டில் இதைத் தெளிவாக நிறுவினார்கள். ரப்பருக்கு இது அப்படியே பொருந்தாது, அது வேறு கணக்கு.

ஆணிப் படுக்கையில் படுப்பதையும் இதே கண்ணால் பாருங்கள். 60 கிலோ உடல், 1,000 ஆணிகள், ஆணிக்கு 0.6 நியூட்டன், தோல் கிழியாது என்பது வழக்கமான விளக்கம். ஆயிரமும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் அது சரி. பாதி ஆணிகள் 2 மி.மீ. குட்டையாக இருந்தாலும் தோலும் சதையும் நெகிழ்ந்து சமாளித்துவிடும். ஐம்பது ஆணிகள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் ஒவ்வொன்றுக்கும் 12 நியூட்டன். ஆபத்து படுத்திருக்கும்போது அல்ல, படுக்கும்போதும் எழும்போதும்தான். முழங்கை ஊன்றும் நொடியில் மொத்தச் சுமையும் பத்துப் பன்னிரண்டு ஆணிகளில் இறங்குகிறது.

அடுத்து, சுமையைப் பரப்புவதற்காகவே நாம் வைக்கும் பொருள்கள்: வாஷர், அடிப்பலகை, அஸ்திவாரம். இங்கே அதிகம் பேர் ஏமாறுவது விறைப்புத்தன்மையில். அகலமாக இருப்பது மட்டும் போதாது. வளையாமல் இருந்தால்தான் ஓரம்வரை சுமை போய்ச் சேரும்.

சிறிய உதாரணம்: மரத்தில் எம்10 (10 மி.மீ. விட்டமுள்ள) போல்ட், முறுக்கியதில் வரும் இறுக்க விசை 2,000 நியூட்டன். வழக்கமான வாஷர் வெளிவிட்டம் 20 மி.மீ., துளை 10.5 மி.மீ., பரப்பு 227 சதுர மி.மீ., மரத்தின் மேல் 8.8 மெகாபாஸ்கல். வாஷர் மரத்துக்குள் அமிழ்ந்துவிடும், அமிழ்ந்ததும் இறுக்கம் போய்விடும், இரண்டு வாரத்தில் நட்டு கையால் சுற்றும். 30 மி.மீ. அகல வாஷர் போட்டால் 620 சதுர மி.மீ., 3.2 மெகாபாஸ்கல். விட்டம் ஒன்றரை மடங்குதான், பரப்பு 2.7 மடங்கு. ஆனால் அதே 30 மி.மீ. வட்டத்தை மெல்லிய தகட்டிலிருந்து வெட்டிப் போட்டால் அது கிண்ணம்போலக் குழிந்துவிடும். ஓரம் மேலே எழும்பி, நட்டுக்குக் கீழுள்ள சின்ன வளையம்தான் சுமக்கும். கழற்றிப் பார்த்தால் மரத்தில் பதிந்த தடம் சொல்லிவிடும்: முழு வட்டமும் சமமாகப் பதிந்திருந்தால் வாஷர் வேலை செய்திருக்கிறது, நடுவில் மட்டும் குழி என்றால் தடிமன் போதவில்லை.

பெரிய உதாரணம், கிரேன். கிரேன் சாயாமலிருக்கப் பக்கவாட்டில் ஊன்றும் ஒரு தாங்குகாலில் 20 டன் சுமை, அதாவது 196 கிலோநியூட்டன் இறங்குகிறது. காலின் சொந்தப் பாதம் 40 × 40 செ.மீ., பரப்பு 0.16 சதுர மீட்டர், அழுத்தம் 1,225 கிலோபாஸ்கல். நிலம் 100 கிலோபாஸ்கல்தான் தாங்கும் என்று வைத்துக்கொண்டால் 1.96 சதுர மீட்டர் தேவை, 1.4 × 1.4 மீட்டர் பலகை வைத்தால் சரி என்று தோன்றும். பலகையின் தடிமன் 10 செ.மீ. என்று வையுங்கள். மரத்தின் வழியே சுமை சுமார் 45 பாகையில் விரியும் என்பது களத்தில் உள்ள எளிய கணக்கு. அதாவது தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் ஒவ்வொரு பக்கமும் விரியும். 40 செ.மீ. பாதம் இருபுறமும் 10 செ.மீ. கூடி 60 செ.மீ. ஆகும். வேலை செய்யும் பரப்பு 0.36 சதுர மீட்டர், மண்ணின் மேல் 544 கிலோபாஸ்கல், தாங்கும் அளவைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். மிச்சப் பலகை சும்மா கிடக்கிறது. நடு புதைந்து ஓரங்கள் தரையைவிட்டு மேலெழும்புவதைப் பார்த்தால் இதுதான் நடக்கிறது என்று பொருள். உடனே சுமையை இறக்கிவிட வேண்டும். 1.4 மீட்டர் முழுதும் பயன்பட வேண்டுமானால் இந்தக் கணக்கில் அரை மீட்டர் தடிமன் வேண்டும். அதனால்தான் கனமான கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகிறார்கள், அல்லது விறைப்பான எஃகுத் தட்டு போடுகிறார்கள். அடியில் கல்லோ குழாயோ கிடந்தால் எந்தத் தட்டும் பயனில்லை, சுமை முழுதும் அந்தக் கல்லைத் தேடிப் போகும். தோண்டிய பள்ளத்தின் விளிம்பருகே தாங்குகாலை வைப்பதும் அப்படித்தான். மண்ணுக்குள்ளும் சுமை சாய்வாகவே விரிகிறது. விரியும் பக்கத்தில் மண்ணே இல்லையென்றால் விளிம்பு சரியும்.

வகுத்து வரும் எண் ஒரு சராசரி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சுமை நடுவில் இறங்கினால்தான் சராசரிக்கு மதிப்பு. 2 மீட்டர் பக்கமுள்ள சதுர அஸ்திவாரம், 400 கிலோநியூட்டன் சுமை, சராசரி 100 கிலோபாஸ்கல். சுமை நடுவிலிருந்து 20 செ.மீ. விலகினால் ஒரு விளிம்பில் 160, எதிர் விளிம்பில் 40. பக்கத்தின் ஆறில் ஒரு பங்கு, அதாவது 33 செ.மீ. விலகினால் ஒரு விளிம்பில் 200, மறுவிளிம்பில் பூஜ்யம். அதற்கு மேல் விலகினால் மறுவிளிம்பு மண்ணைவிட்டு எழும்பிவிடும். தொடுபரப்பு சுருங்கும், அழுத்தம் இன்னும் வேகமாக ஏறும். சாய்ந்து நிற்கும் ஏணி, ஒருபக்கம் சரக்கேற்றிய அலமாரி எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

இதுவரை விசை தெரியும், அழுத்தத்தைத் தேடினோம். வாயுவிலும் திரவத்திலும் பெரும்பாலும் கேள்வி தலைகீழாக வரும்: அழுத்தம் மானியில் தெரிகிறது, விசை எவ்வளவு? விசை = அழுத்தம் × பரப்பு. சின்ன அழுத்தம் பெரிய பரப்பில் என்ன செய்யும் என்பதைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

பிரஷர் குக்கரின் வெயிட் இதற்கு அழகான கருவி. ஆவி வரும் துளை 3 மி.மீ. விட்டம் என்று வையுங்கள், பரப்பு 7.07 சதுர மி.மீ. உள்ளே வெளிக்காற்றைவிட 100 கிலோபாஸ்கல் கூடினால், துளையில் மேல்நோக்கிய விசை 0.707 நியூட்டன். அதைச் சமன்செய்ய 72 கிராம் வெயிட் போதும். அந்த அழுத்தத்தில் நீர் சுமார் 120 பாகை செல்சியஸில் கொதிக்கும். இப்போது மூடியைப் பாருங்கள். 22 செ.மீ. விட்டம், பரப்பு 0.038 சதுர மீட்டர், விசை 3,800 நியூட்டன். அதே அழுத்தம் துளையில் 72 கிராமைத் தூக்குகிறது, மூடியில் 388 கிலோவைத் தூக்கப் பார்க்கிறது. வெயிட் அடங்கி, இன்னும் 5 கிலோபாஸ்கல் மட்டும் மிச்சமிருந்தாலும் மூடியின் மேல் 19 கிலோ அளவு விசை இருக்கிறது. மூடி இறுகியிருக்கிறதே என்று பலவந்தமாகத் திறப்பவர்கள் மறந்துபோவது இதைத்தான். வேறு குக்கரின் வெயிட்டை மாற்றிப் போடக் கூடாது என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. அதே 72 கிராம் 2.5 மி.மீ. துளைமேல் உட்கார்ந்தால் 144 கிலோபாஸ்கல் வரும்வரை எழும்பாது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு 44 சதவீதம் கூடுதல் அழுத்தம்.

இரும்பு டிரம்மில் ஓட்டை இருக்கிறதா என்று காற்றடித்துப் பார்ப்பதிலும் இதே கண்மூடித்தனம் உண்டு. அரை பார்தானே, டயரில் இதைவிட நான்கு மடங்கு இருக்கிறதே என்று தோன்றும். 57 செ.மீ. விட்டமுள்ள தட்டை மூடிக்கு அரை பாரில் விசை 12,800 நியூட்டன், 1.3 டன். டயர் வளைந்த வடிவில், உள்ளே இழைகள் வைத்து, அதற்கென்றே செய்யப்பட்டது. டிரம் மூடி தட்டைத் தகடு. சோதிக்க வேண்டுமானால் நீர் நிரப்பி அழுத்தம் கொடுங்கள். நீர் அநேகமாகச் சுருங்குவதில்லை என்பதால் எங்காவது கசிந்த உடனே அழுத்தம் விழுந்துவிடும். காற்றோ சுருள்வில்போல ஆற்றலைச் சேர்த்து வைத்திருந்து மூடியை வீசியெறியும்.

வளைந்த பரப்புக்கு எந்தப் பரப்பு? ஜெர்மனியின் ஓட்டோ வான் கெரிக்கே 1650களில் மக்டபர்க் அரைக்கோளங்கள் எனப்படும் இரண்டு உலோக அரைக்கோளங்களை ஒரு கோளமாகச் சேர்த்து, உள்ளே காற்றை நீக்கி ஒட்டவைத்தார்; அவற்றை இழுத்துப் பிரிக்க எவ்வளவு விசை வேண்டும்? விட்டம் சுமார் 50 செ.மீ. அரைக்கோளத்தின் வளைபரப்பு 0.39 சதுர மீட்டர். அதை வளிமண்டல அழுத்தத்தால் பெருக்கினால் 4 டன் வரும், அது தவறு. பக்கவாட்டில் அழுத்தும் பங்குகள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. இழுக்கும் திசையில் பார்த்தால் தெரியும் வட்டத்தின் பரப்பு, 0.196 சதுர மீட்டர், அது மட்டுமே கணக்கு. முழு வெற்றிடம் என்றாலும் சுமார் 20,000 நியூட்டன், 2 டன். விசை தேடும்போது எப்போதும் விசையின் திசையில் விழும் நிழலின் பரப்பை எடுங்கள்.

இதில் வெற்றிடம் எதையும் இழுக்கவில்லை, வெளிக்காற்று தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆகவே உறிஞ்சுகிண்ணத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 10 செ.மீ. விட்டக் கிண்ணம் கடல்மட்டத்தில் 796 நியூட்டனைத் தாண்டவே முடியாது, எவ்வளவு பலமான பம்பு போட்டாலும். வழக்கமாகக் கிடைக்கும் 60 சதவீத வெற்றிடத்தில் 480 நியூட்டன்கூட வராது. செங்குத்தான கண்ணாடியில் ஒட்டினால் சுமை பரப்புக்கு இணையாக இழுக்கிறது. தாங்குவது உராய்வு மட்டும், அதற்கு இன்னும் பாதியாவது கழித்துக்கொள்ள வேண்டும். ஈரமோ எண்ணெயோ இருந்தால் வழுக்கிவிடும்.

டயருக்கு வருவோம், இதை யாரும் செய்து பார்க்கலாம். 1,200 கிலோ கார், ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ, 2,940 நியூட்டன். காற்று 32 பி.எஸ்.ஐ., 220 கிலோபாஸ்கல். வகுத்தால் தொடுபரப்பு சுமார் 133 சதுர செ.மீ., உள்ளங்கை அளவுதான். அளக்க: சமதளமான கெட்டித் தரையில் மற்ற சக்கரங்களுக்கு அடைகட்டை வையுங்கள், ஜாக்கியால் ஒரு சக்கரத்தைச் சற்றே தூக்குங்கள், டயரில் நீரில் கரையும் வண்ணம் பூசி, கீழே அட்டையும் அதன்மேல் கட்டத்தாளும் வைத்து இறக்கி மறுபடி தூக்குங்கள். வாகனத்துக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது. தாளில் இரண்டு பரப்புகள் கிடைக்கும். ஓரங்களை இணைத்து வரைந்தால் வரும் மொத்தப் பரப்பு ஒன்று. பள்ளங்களை விட்டுவிட்டு வண்ணம் பட்ட கட்டங்களை மட்டும் எண்ணினால் வருவது இன்னொன்று. காற்றழுத்தத்தோடு ஒத்துப்போவது முதலாவது, அதுவும் துல்லியமாக அல்ல. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் சுமப்பதால் சற்றே வேறுபடும். சாலையை ரப்பர் உண்மையில் அழுத்தும் அளவு இரண்டாவதிலிருந்து வரும். நான்கில் மூன்று பங்குதான் ரப்பர் என்றால் அது 293 கிலோபாஸ்கல், மானி காட்டுவதைவிடக் கூடுதல்.

மானி காட்டும் 32 என்பது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பது மட்டும். காற்றே போன டயரிலும் உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கத்தான் செய்கிறது, மானி பூஜ்யம் காட்டும். வெளியே காற்று எதிர்த்துத் தள்ளும் இடங்களில் விசைக் கணக்குக்கு மானியின் அளவே சரி. காற்று சூடாகி அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது போன்ற வாயுக் கணக்குகளுக்கு வளிமண்டல அழுத்தத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஹைட்ராலிக் சிலிண்டர், எண்ணெயின் அழுத்தத்தால் பிஸ்டனையும் அதோடு இணைந்த தண்டையும் தள்ளவோ இழுக்கவோ செய்யும் கருவி. 50 மி.மீ. பிஸ்டன், 28 மி.மீ. தண்டு, எண்ணெய் அழுத்தம் 160 பார், அதாவது 16 மெகாபாஸ்கல். தள்ளும்போது எண்ணெய் அழுத்துவது முழு வட்டம், 19.6 சதுர செ.மீ., விசை 31,400 நியூட்டன். இழுக்கும்போது தண்டு அடைத்த இடம் போக 13.5 சதுர செ.மீ. மட்டும், 21,600 நியூட்டன். தள்ளிய சுமையை அதே சிலிண்டர் ஏன் திரும்ப இழுக்கவில்லை என்று பம்பைக் கழற்றிப் பார்ப்பவர்கள் முதலில் இந்த வித்தியாசத்தைப் போட்டுப் பார்க்கலாம். இதைவிட மோசமானது, தண்டுப் பக்கத்து எண்ணெய் வெளியேற வழியில்லாமல் அடைபட்டிருக்கும்போது எதிர்ப்பக்கம் 160 பார் கொடுப்பது. வெளியே சுமை எதுவும் இல்லையென்றால் 31,400 நியூட்டனும் அந்தச் சிறிய பரப்பிலேயே தாங்கப்பட வேண்டும். அந்தப் பக்கம் 233 பார் ஏறிவிடும், அந்தக் குழாயும் சீலும் முதலில் போகும்.

அந்தக் குழாயில் 0.1 மி.மீ. ஊசித்துளை விழுந்தால்? துளையில் விசை 0.13 நியூட்டன்தான், 13 கிராம் எடை. ஆனால் அழுத்தம் 16 மெகாபாஸ்கல், எண்ணெய் நொடிக்கு 190 மீட்டர் வரை வேகத்தில் பீறிடலாம். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். கையுறை போட்டிருந்தாலும் கூடாது. பம்பை நிறுத்தி, அழுத்தத்தை முழுதும் இறக்கிவிட்டுப் பாருங்கள். ஓட்டத்திலேயே தேடியாக வேண்டும் என்றால் நீளமான குச்சியில் அட்டையைக் கட்டித் தள்ளி நின்று காட்டுங்கள், ஈரத்தடம் அதில் விழும். எண்ணெய் தோலுக்குள் போயிருந்தால் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. காத்திருக்காமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்; எந்த எண்ணெய், எத்தனை பார் என்பதையும் அங்கே சொல்ல வேண்டும்.